விரலுக்கும் விளக்குக்கும் நடுவே

விமானத்தில் எரியும் விளக்குகளில் ஏறக்குறைய எல்லாமே விமானத்துக்காக எரிகின்றன. இறக்கை நுனியில் இருக்கும் சிவப்பும் பச்சையும் மற்ற விமானங்களுக்கு. அடிவயிற்றில் துடிக்கும் சிவப்பு, தரையில் நிற்பவர்களை எச்சரிக்க. நடைபாதையோடு ஓடும் ஒளிக்கோடு, புகை சூழ்ந்தால் வாசலைக் காட்ட. ஒரு பயணிக்காக, அவர் கையில் விரித்திருக்கும் பக்கத்துக்காக மட்டும் எரிவது ரீடிங் லைட் ஒன்றுதான். என் பணிக்காலம் முழுவதும் சென்னை மீனம்பாக்கத்தில், பெரும்பாலும் இரவு ஷிப்டில், கேபின் மின்வேலையில் கழிந்தது. நள்ளிரவுக்கு மேல் வந்திறங்கி விடிவதற்குள் கிளம்பிவிடும் வெளிநாட்டு விமானங்களில் நான் அதிகம் சரிசெய்தது இந்த விளக்கைத்தான். சரிசெய்ய முடியாமல் அதிகம் அனுப்பிவைத்ததும் இதைத்தான். அதிலும் பிசினஸ் கிளாஸில். பல மடங்கு விலை கொடுத்து ஒருவர் உட்காரும் இருக்கையில், எக்கானமியின் எளிய விளக்கைவிட எளிதில் கெட்டுப்போகும் ஒரு விளக்கு இருக்கிறது. இது எப்படி நேர்ந்தது என்று பார்க்க, விமானம் பிறப்பதற்கு முன்பிருந்தே தொடங்க வேண்டும்.

இந்த விளக்கு பிறந்தது ரயிலில். 19ஆம் நூற்றாண்டின் ரயில் பெட்டிகளில், கூரையில் ஓட்டை போட்டு மேலிருந்து இறக்கிய எண்ணெய் விளக்குகள் நெடுங்காலம் இருந்தன. விளக்கேற்றும் ஆள் பெட்டியின் முதுகில் ஏறி நடந்துபோய் ஒவ்வொன்றாக வைப்பார். 1870களில் ஜெர்மனியின் யூலியுஸ் பின்ட்ஷ், எண்ணெயிலிருந்து எடுத்த வாயுவை அழுத்தி உருளைகளில் அடைத்து, பெட்டிக்கு அடியில் கட்டிவிடும் முறையைக் கொண்டுவந்தார். வெளிச்சம் கூடியது, ஆபத்தும் கூடியது. 1915 மே மாதம் ஸ்காட்லாந்தின் குவின்டின்ஷில்லில் ரயில்கள் மோதிக்கொண்டபோது, படைவீரர்கள் வந்த மரப்பெட்டிகள் அந்த வாயுவால் பற்றி எரிந்தன. 200 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆனால் அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே, 1881 அக்டோபரில், லண்டனுக்கும் பிரைட்டனுக்கும் இடையே ‘பியாட்ரிஸ்’ என்ற புல்மன் பெட்டியில் பேட்டரி வைத்து மின்விளக்கு எரித்துக் காட்டிவிட்டார்கள். 1890களில் லண்டனின் ஜே. ஸ்டோன் நிறுவனம், சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டு டைனமோவைச் சுழற்றும் ஏற்பாட்டைச் செய்தது. வண்டி ஓடும்போது டைனமோ, நின்றால் பேட்டரி. நம் ரயில்வேயில் டி.எல். என்று சுருக்கிச் சொல்லும் டிரெயின் லைட்டிங் பிரிவு நெடுங்காலம் பராமரித்து வந்ததும் இந்த ஏற்பாட்டின் வழிவந்ததுதான்.

அதே 1890களில் அமெரிக்காவில் சிகாகோ, மில்வாக்கி அண்ட் செயின்ட் பால் ரயில்வே, தன் தூங்கும் பெட்டிகளில் படுக்கைக்குப் படுக்கை தனி மின்விளக்கு உண்டு என்று பெருமையாக விளம்பரம் செய்தது. பெட்டிக்கு ஒரு வெளிச்சம் என்பது போய், ஆளுக்கு ஒரு வெளிச்சம் என்று ஆனது அப்போதுதான். பக்கத்துப் படுக்கைக்காரர் தூங்கலாம், நீங்கள் படிக்கலாம். கையை நீட்டினால் சுவிட்ச், அதற்குப் பக்கத்திலேயே பல்பு. விரலுக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு முழத்துக்கும் குறைவான கம்பி. இந்தத் தூரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமானப் பயணிக்கு ஆரம்பத்தில் வாசிப்பு விளக்கே தேவைப்படவில்லை. விமானம் இரவில் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகத் துணியவில்லை. 1929 மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து கராச்சிக்குச் சேவை தொடங்கியபோது பயணம் ஏழு நாள். பகலில் பறந்து, இரவில் இறங்கித் தங்கி, நடுவில் சுவிட்சர்லாந்திலிருந்து இத்தாலிக்கு ரயிலில் போய்ச் சேர்ந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் டிரான்ஸ்கான்டினென்டல் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனம் 48 மணி நேரத்தில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு என்று சொன்னது. நியூயார்க்கில் மாலையில் ரயில் ஏறி ஒஹையோவரை தூக்கம், அங்கிருந்து பகல் முழுவதும் விமானம், ஓக்லஹோமாவில் மறுபடி இரவு ரயில், நியூ மெக்சிகோவில் மறுபடி விமானம். புத்தகம் படிக்க விளக்கு வேண்டிய நேரமெல்லாம் பயணி புல்மன் பெட்டிக்குள் இருந்தார்.

இரவு வானம் மெதுவாகத்தான் திறந்தது. அமெரிக்காவில் தபால் விமானங்களுக்காக 1920களின் நடுவிலேயே தரையில் கலங்கரை விளக்கங்களை வரிசையாக நட்டு வழி போட்டிருந்தார்கள். அந்த வழியில் பயணிகளும் ஏற ஆரம்பித்தார்கள். 1933இல் வந்த போயிங் 247இல் பத்துப் பேர் உட்காரலாம். இறக்கையைத் தாங்கும் உலோகச் சட்டம் கேபினின் குறுக்கே ஓடும், அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். ஆனாலும் கடற்கரை முதல் கடற்கரை வரை 20 மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டது. ராத்திரி அந்தப் பயணத்துக்குள் வந்துவிட்டது. 1935 டிசம்பரில் முதலில் பறந்த டக்ளஸ் ஸ்லீப்பர் டிரான்ஸ்போர்ட், புல்மன் பெட்டியையே தூக்கி வானத்தில் வைத்தது. 14 படுக்கைகள், திரைகள். அதன் பகல் வடிவம்தான் உலகம் டகோட்டா என்று அறிந்த டிசி-3.

டகோட்டா என்றதும் என் ஊர்ச் சங்கதி ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. 1949 ஜனவரி 30 அன்று இந்தியாவில் இரவுத் தபால் விமானச் சேவை தொடங்கியது. சென்னை, டெல்லி, பம்பாய், கல்கத்தா நாலு ஊரிலிருந்தும் இரவில் கிளம்பும் விமானங்கள் நடு இரவில் நாக்பூரில் சந்திக்கும். தபால் மூட்டைகளையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு விடியலில் அவரவர் ஊருக்குத் திரும்பும். 1970கள்வரை நடந்தது. அந்த விமானங்களில் வேலை பார்த்த மூத்த மெக்கானிக் ஒருவரிடம்தான் நான் தொழில் பழகினேன். கேபின் விளக்கு எரியவில்லை என்றால் அவர் விரல் விட்டு எண்ணுவார்: “பல்பு, ஹோல்டர், சுவிட்ச், ஃபியூஸ். இந்த நாலுக்கு வெளியே என்னடா இருக்கு?” அவர் காலத்தில் அது உண்மை. நாலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை.

1958 அக்டோபரில் பான் அமெரிக்கன், போயிங் 707ஐ நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு அனுப்பியபோதும் அந்த நாலுதான். 707இன் உட்புறத்தை வடிவமைத்தது வால்டர் டோர்வின் டீக்கின் நிறுவனம். முழு அளவு மாதிரிக் கேபினைக் கட்டி, ஆட்களை உட்காரவைத்துப் பார்த்துச் செய்த வேலை. தலைக்கு மேலே விளக்கு, காற்றுக்குழல், பணிப்பெண்ணை அழைக்கும் பொத்தான் எல்லாம் ஒரே பலகையில். தொழிலில் அதை பி.எஸ்.யூ. என்போம். பயணி கையைத் தூக்கினால் பொத்தான் எட்டும், பொத்தானுக்குப் பக்கத்தில் விளக்கு. இன்றைய 737இலும் எக்கானமியில் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். பாட்டியும் பேரனும் ஒரே மாதிரி அழுத்துகிறார்கள், எரிகிறது. என் கணக்கில் விமான வாசிப்பு விளக்கின் மிகச் சிறந்த வடிவம் இதுதான். அதற்குப் பிறகு வந்தவை வசதியாக இருக்கலாம், இத்தனை நம்பகமாக இல்லை.

கை எட்டாமல் போனது 1970இல். அந்த ஜனவரியில் 747 பயணிகளை ஏற்றத் தொடங்கியது. கேபினின் அகலம் 20 அடி, இரண்டு நடைபாதை, நடுவில் உட்கார்ந்தவருக்குக் கூரை எங்கோ உயரத்தில். பொத்தானைக் கைப்பிடிக்குக் கொண்டுவந்தே தீர வேண்டியிருந்தது. ஆனால் முந்நூறுக்கு மேற்பட்ட இருக்கைகளின் கைப்பிடியிலிருந்தும் தனித்தனிக் கம்பியைத் தரை வழியாக, சுவர் வழியாக, கூரை வரை இழுத்தால் எடை தாங்காது. அதனால் ஒரு கேபிளில் பல இருக்கைகளின் செய்தியையும் நேரம் பங்குபோட்டு அனுப்பினார்கள். இதற்கு மல்ட்டிப்ளெக்ஸிங் என்று பெயர். நீங்கள் அழுத்துவது இனி சுவிட்ச் அல்ல, ஒரு விண்ணப்பம். இன்ன வரிசை, இன்ன இருக்கை, விளக்கு கேட்கிறது என்று ஒரு பெட்டி எழுதி அனுப்பும். மேலே இன்னொரு பெட்டி அதைப் படித்து ரிலேயைத் தட்டும். முகவரி பிசகினால் ஒருவர் அழுத்த மற்றொருவர் தலைமேல் வெளிச்சம் விழும். பழைய 747களில் இதை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். மூத்தவரின் நாலு விரல் அன்றைக்குப் போதாமல் போயிற்று.

பிசினஸ் கிளாஸ் வந்தது அதற்குப் பிறகு. 1970களின் கடைசியில் சலுகைக் கட்டணங்கள் பெருகின. முழுக் கட்டணம் கொடுத்து அலுவல் நிமித்தம் போகிறவர், பாதி விலைக்கு வந்த சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. அவர்களுக்கு ஒரு தடுப்பு போட்டு, கொஞ்சம் அமைதி கொடுத்தார்கள். பான் அமெரிக்கன் 1978இல் கிளிப்பர் கிளாஸ் என்றது, குவான்டாஸ் 1979இல் பிசினஸ் கிளாஸ் என்றது. முதலில் பெரிய சொகுசு ஒன்றும் இல்லை. கோப்பைப் பிரித்துப் படிக்க இடம், படிக்க வெளிச்சம், அவ்வளவுதான். அந்த வகுப்பை உண்டாக்கியதே படிக்கிற பயணிதான் என்பதை மறந்துவிடக்கூடாது.

2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் பிசினஸ் கிளாஸில் முழுக்கப் படுக்கையாக விரியும் இருக்கையைக் கொண்டுவந்தது. மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். கூரை விளக்கின் கதை அத்தோடு முடிந்தது. உட்கார்ந்தால் தலை ஓரிடம், சாய்ந்தால் வேறிடம், படுத்தால் இன்னோர் இடம். மேலேயிருந்து விழும் ஒரே வட்ட வெளிச்சம் மூன்றுக்கும் எப்படிப் பொருந்தும்? விளக்கு கூரையிலிருந்து இறங்கி இருக்கையின் தோளுக்கு வந்தது. சில இருக்கைகளில் வளையும் கழுத்துள்ள விளக்கு, சிலவற்றில் பக்கச் சுவருக்குள் பதித்த சின்னக் குமிழ்.

இந்த வளையும் கழுத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். வெளியே தெரிவது சுருள் எஃகு. உள்ளே தலைமயிரைவிடச் சற்றே தடித்த செப்பு இழைகளை முறுக்கிய இரண்டு கம்பிகள். பயணி அதை இழுப்பார், முறுக்குவார், சட்டை மாட்டுவார், குழந்தை பிடித்துத் தொங்கும். வளைகிற இடம் எப்போதும் ஒன்றுதான், அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே. அங்கே இழைகள் ஒவ்வொன்றாக அறும். கடைசி இழை மிஞ்சியிருக்கும்வரை விளக்கு ஒரு கோணத்தில் எரியும், இன்னொரு கோணத்தில் அணையும். நான் போய்த் தொடும்போது எரியும். சென்னையிலிருந்து ஏறியவர் படிப்பதற்காகத் திருப்பும்போது அணையும். கழுத்துக்குக் கீழேயும் கதை இதேதான். இருக்கையின் மோட்டார்கள் முன்னும் பின்னும் நகர, கூடவே கம்பிக் கட்டும் மடங்கி நிமிர்கிறது. கட்டியிருக்கும் டை ஒன்று தளர்ந்தால் கம்பி இரும்பு விளிம்பில் உரசும். போதாததற்குக் கைப்பிடிப் பொத்தானில் ஆரஞ்சுச் சாறு, ஒயின், சர்க்கரை போட்ட காபி. ஒட்டிக்கொண்ட பொத்தானை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துத் துடைத்து எத்தனையோ விடியல்கள் போயிருக்கின்றன.

கம்பியோடு போயிற்றா என்றால் இல்லை. 1988இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320, கேபின் வேலைகளை எல்லாம் சிட்ஸ் என்ற கணினி ஏற்பாட்டின் கீழ் கொண்டுவந்தது. எந்த வரிசை எங்கே, எந்த இருக்கைக்கு எந்த விளக்கு என்பதெல்லாம் ஒரு சிறிய நினைவுத் தகட்டில் எழுதப்பட்டிருக்கும். அதற்குப் பின் இருக்கைத் திரைகள் வந்தன. பெரிய விமானங்கள் பலவற்றில் விளக்குப் பொத்தான் அந்தத் திரையின் ரிமோட்டுக்குள் புகுந்தது. படம் காட்டும் கணினி வழியாகத்தான் விளக்கின் விண்ணப்பம் போக வேண்டும். படம் உறைந்து நின்றால், சிப்பந்தி அதை அணைத்துப் போட்டால், அந்த நேரம் முழுக்க உங்கள் விளக்கும் பேச்சு மூச்சற்றிருக்கும். நிறுவனம் இருக்கைகளை நெருக்கியோ தள்ளியோ மாற்றும்போது மேலிருக்கும் பலகைகளையும் தண்டவாளத்தில் நகர்த்த வேண்டும், தகட்டிலும் திருத்த வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் ஒருவர் வெளிச்சம் மற்றவர் மடியில்.

இப்படிக் கம்பியைக் கூட்டிக்கொண்டே போவதில் பழுதைவிடப் பெரிய விலை ஒன்றும் இருக்கிறது. 1998 செப்டம்பர் 2 அன்று சுவிஸ்ஏர் 111 கனடாவின் பெகிஸ் கோவ் அருகே கடலில் விழுந்து 229 பேர் இறந்தார்கள். முதல் வகுப்பிலும் பிசினஸ் கிளாஸிலும் புதிதாகப் போட்ட பொழுதுபோக்கு ஏற்பாட்டின் கம்பிகளில் தீப்பொறி தெறித்த தடயம் கிடைத்தது. தீயைப் பரப்பியது கூரைக்குள் இருந்த காப்புப் போர்வை. அதே விசாரணையின் கிளையாக, அந்த ரக விமானங்களில் விமானிகள் வரைபடம் படிக்க வைத்திருந்த சின்ன விளக்கின் பொருத்தத்தையும் ஆராய வேண்டியிருந்தது. அந்த அறிக்கைகளைப் படித்த நாளிலிருந்து எந்த ரீடிங் லைட்டையும் நான் சின்ன வேலையாக நினைத்ததில்லை. கருகல் வாசனை லேசாக இருந்தாலும், விளக்கை எரியவைப்பதைவிட அதன் இணைப்பைத் துண்டித்து அனுப்புவதே சரி. அந்தப் பயணி இருட்டில் போகட்டும், எல்லோரும் போய்ச் சேரட்டும்.

வேலை நடக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். விமானம் வந்து நிற்கும். திரும்பக் கிளம்ப ஒன்றரை மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம். அதற்குள் துப்புரவுக்காரர்கள், சாப்பாட்டு வண்டி, எரிபொருள். நான் ஏறியதும் கேபின் லாக் புக்கைப் புரட்டுவேன். இன்ன இருக்கை, ரீடிங் லைட் வேலை செய்யவில்லை. பெரும்பாலும் அந்த ஒரு வரிதான். முன்வாசலில் இருக்கும் பலகையில் எல்லா விளக்கையும் ஒரே தட்டில் போடலாம். போட்டுவிட்டு நடைபாதையில் நடந்து இருண்ட இடங்களைக் குறித்துக்கொள்வோம். புகார் வந்த விளக்கு ஜம்மென்று எரியும். அவசரத்தில் இருப்பவர் ‘நோ ஃபால்ட் ஃபவுண்ட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் பலகையிலிருந்து போட்டால் எரிகிறது என்பதற்கு பல்பு நன்றாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். பொத்தானிலிருந்து விண்ணப்பம் மேலே போகிறதா என்பதை அந்தச் சோதனை தொடுவதே இல்லை. அந்த இருக்கையில் உட்கார்ந்து, படுக்கையாக நீட்டி, பயணி மாதிரியே அழுத்திப் பார்க்க வேண்டும். ஒருமுறை தமிழ்ப் பணிப்பெண் ஒருவர் மனம் வெதும்பிச் சொன்னார்: “இந்த சீட்டுக்கு மூணாவது செக்டாரா எழுதறேன் சார். ஒவ்வொரு ஊர்லயும் சரியா இருக்குன்னு கையெழுத்து வருது. பேசஞ்சர் முகத்துல முழிக்கறது நான்தானே.” அவர் சொன்னது நியாயம். பொத்தானின் கனெக்டரில் ஒரு பின் உள்வாங்கியிருந்தது.

கண்டுபிடித்தாலும் மாற்றிவிட முடியாது. கடையில் வாங்கி மாட்டும் பொருளல்ல அது. கேபினுக்குள் வைக்கும் பொருள் தீச்சோதனையில் தேறியிருக்க வேண்டும், தரச்சான்றோடு வர வேண்டும், அந்த இருக்கை மாதிரிக்கு உரிய எண்ணில் இருக்க வேண்டும். சென்னையில் அந்த நிறுவனம் அந்த விளக்கை இருப்பு வைத்திருக்காது. அப்போது விதி கைகொடுக்கும். பறப்பதற்குத் தேவையில்லாத கேபின் பொருள்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு, அதில் இது அடங்கும். டெஃபர் செய்து, அதாவது பிறகு பார்க்கலாம் என்று எழுதி, விமானத்தை விடலாம். விதியில் தவறில்லை. ஒரு விளக்குக்காக முந்நூறு பேரைத் தரையில் நிறுத்த முடியாது. ஆனால் ‘பிறகு’ என்பது அடுத்த பெரிய பராமரிப்பு வரை நீளும்போது, பாதுகாப்புக்காக எழுதிய விதி சோம்பலுக்கு மறைப்பாகிறது. என் மனத்தாங்கல் அங்கேதான்.

எல்.ஈ.டி. வந்தால் எல்லாம் தீரும் என்றார்கள். 1993இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல எல்.ஈ.டி.யைச் செய்துகாட்டினார். சில ஆண்டுகளில் வெள்ளை வந்தது. ஹாலஜன் பல்பின் சூடு போயிற்று, மாதாமாதம் பல்பு மாற்றும் வேலையும் போயிற்று. அது பெரிய நன்மை, மறுக்கவில்லை. ஆனால் கெட்ட பல்பை இரண்டு நிமிடத்தில் மாற்றிய நான், எல்.ஈ.டி. இமைக்கத் தொடங்கினால் முழு யூனிட்டையும் கழற்ற வேண்டியதாயிற்று. பல்பு பழுதாவது நின்றது. பழுது கம்பிக்கும் பொத்தானுக்கும் மென்பொருளுக்கும் இடம் மாறியது.

கையிலேயே ஒளிரும் திரை இருக்கிறதே, இந்த விளக்கு இனி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேபினை இருட்டாக்கிய பின்னிரவில், தாளில் அச்சான புத்தகத்தோடு விழித்திருப்பவர்கள் இன்றும் வருகிறார்கள். விளக்கு எரியாததால் அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எட்டு மணி நேரம் சும்மா கிடந்தவரின் புகார்தான் மறுநாள் இரவு லாக் புக்கில் ஒரு வரியாக என்னிடம் வரும்.

நான் ஓய்வுபெறும் சமயத்தில் வந்த சில இருக்கைகளில் விளக்கின் தலையிலேயே தொடு சுவிட்ச் வைத்திருந்தார்கள். தொட்டால் மங்கலாக, மறுபடி தொட்டால் பளிச்சென்று, மூன்றாம் முறை அணையும். படம் காட்டும் கணினி செத்துக் கிடந்தாலும் இது எரியும். முன்வாசல் பலகைக்கும் இதற்கும் பேச்சுவார்த்தை இல்லை. முதல்முறை பார்த்தபோது மூத்தவரை நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லாத இருக்கையில் உங்கள் விளக்கு எரியவில்லை என்றால், வெறுமனே எரியவில்லை என்று எழுதவைக்காதீர்கள். திரை வேலை செய்ததா, முன்னாலிருந்து போட்டபோது விளக்கு எரிந்ததா, நிமிர்ந்து உட்கார்ந்தபோது எரிந்து படுத்ததும் அணைந்ததா, இந்த மூன்றையும் சிப்பந்தியிடம் சொல்லி இருக்கை எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று இரவு ஷிப்ட்காரனுக்கு அதில் தெரிந்துவிடும்.